வாங்கவும் தெரிய வேண்டும், செய்யவும் தெரிய வேண்டும்: உயர்நிலை வகுப்புகளில் நுகர்வோர் திறனும் பொருள் உருவாக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு நுகர்வோர் திறனையும் பொருள் உருவாக்கத்தையும் ஒரே பாடமாக நடத்துகிறேன். அதைச் சொன்னவுடன் சக ஆசிரியர்கள் வரிசையாகக் கேள்வி கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பவை வேறு, மாணவர்கள் கேட்பவை இன்னும் வேறு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்ல முயலவில்லை. சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

இரண்டும் தனித்தனிப் பாடங்கள் அல்லவா? ஏன் சேர்த்து நடத்த வேண்டும்?

நானும் முதலில் தனித்தனியாகத்தான் நடத்தினேன். நுகர்வோர் பாடம் என்றால் "ஏமாந்துவிடாதே" என்ற அறிவுரை. பொருள் உருவாக்கம் என்றால் ஆண்டு விழாவில் ஒரு கண்காட்சி மேசை. முதலாவதில் மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டாவதில் பசையும் அட்டையும் தீர்ந்தன, வேறொன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் சோப்புக்கு மேலுறை வடிவமைக்கச் சொல்லியிருந்தேன். எடையை எங்கே அச்சிடுவது என்று ஒரு குழுவில் வாக்குவாதம். "பின்பக்கம் கீழே சின்னதாகப் போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள் ஒரு மாணவி. சொன்ன வேகத்திலேயே நிறுத்திக்கொண்டு, "அப்படியென்றால் நாம் கடையில் வாங்குவதிலும் யாரோ இப்படித்தான் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்களா?" என்று கேட்டாள். ஓராண்டு முழுக்க அறிவுரை சொல்லியிருந்தாலும் அந்தக் கேள்வி என் வகுப்பில் எழுந்திருக்காது. எழுத்தின் அளவு, மூடியின் நிறம், புட்டியின் அடிக்குழிவு எல்லாம் யாரோ ஒருவர் எடுத்த முடிவுகள். அந்த முடிவை ஒரு முறையாவது தானே எடுத்துப் பார்த்தவர்தான் கடையில் நின்று அதைக் கண்டுபிடிக்கிறார்.

எதிர்ப்பக்கமும் உண்மைதான். வாங்கி ஏமாந்த அனுபவத்தை எண்ணிப் பார்க்காத மாணவன் செய்கிற பொருள் அவனுக்கு மட்டுமே பிடிக்கும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

விழுக்காட்டுக் கணக்கு கைவந்ததும் தொடங்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயது சரியாக இருக்கும். அந்த வயதில் கையில் கொஞ்சம் பணம் புழங்கத் தொடங்கியிருக்கும், தனக்கென்று விருப்பங்களும் வந்திருக்கும்.

முதல் வகுப்பில் என்ன செய்வது?

வீட்டில் தீர்ந்துபோன ஏதாவது ஒரு பொருளின் காலிப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். பொட்டலத்தை மேசையில் வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலில் கண்ணில் பட்டது எது? தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது எது? தேடியும் கிடைக்காதது எது? நாற்பது நிமிடம் போவதே தெரியாது. மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்களைப் பத்திரமாக எழுதி வையுங்கள். பொருள் உருவாக்கத்துக்கு வரும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்கும்.

கணக்கு எவ்வளவு வேண்டும்? கணக்கு என்றாலே ஓடும் மாணவர்களை என்ன செய்வது?

வகுத்தலும் விழுக்காடும் போதும். இதுவரை கணக்கை வெறுத்தவர்களும் இங்கே ஆர்வமாகப் போடுகிறார்கள். கேள்வித்தாளில் உள்ள தொட்டிக்கு நீர் நிரம்பினால் என்ன, நிரம்பாவிட்டால் என்ன! கடைக்காரர் நம்மை முட்டாளாக்குகிறாரா என்பது வேறு விஷயம், அதில் மானப் பிரச்சினை இருக்கிறது.

நான் வழக்கமாகப் பலகையில் எழுதுவது இந்தச் சலுகைகளைத்தான். "50% கூடுதல் இலவசம்" என்றால் பாதி விலை என்றே பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். 100 கிராம் விலைக்கு 150 கிராம் கிடைக்கிறது, ஆகவே ஒரு கிராமுக்கு விலை குறைவது 33.3% மட்டுமே. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் அதே 33.3% தான். ஆனால் அதைப் பெற, தேவையோ இல்லையோ மூன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். "இரண்டாவது பொருள் பாதி விலை" என்பது பிரித்துப் பார்த்தால் 25% தள்ளுபடி. "20% தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 20%" என்றால் 40% என்று வகுப்பே கத்தும். இரண்டாவது தள்ளுபடி குறைந்துபோன விலையின்மேல்தான் விழுகிறது, அதனால் மொத்தம் 36%.

இதற்குப் பிறகு சத்தமில்லாத விலையேற்றத்துக்கு வாருங்கள். விலை அப்படியே இருக்கிறது, பொட்டலமும் அதே உயரம், உள்ளே மட்டும் 100 கிராம் 90 கிராமாகிவிட்டது. எடை குறைந்தது 10%. ஒரு கிராமுக்கு விலை ஏறியது எவ்வளவு? 11.1%. இந்த இரண்டு எண்களும் ஏன் ஒன்றாக இல்லை என்பதை ஒரு மாணவர் எழுந்து விளக்கிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

அலகு விலை என்பதைச் சொல்லாகக் கற்பிக்காதீர்கள். மூன்று அளவுப் பொட்டலங்களைக் காட்டி எது மலிவு என்று கேட்டால், 100 கிராமுக்கு எவ்வளவு என்று அவர்களே வகுத்துப் பார்ப்பார்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவாக இருப்பதில்லை என்பது தெரியும்போது வருகிற கோபம் பாடத்துக்கு நல்லது.

அடுத்தது வாங்கிய பிறகு வருகிற செலவு. அச்சுப்பொறி மலிவாகக் கிடைக்கிறது, மை தீர்ந்த பிறகு பார்த்தால் யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை. ஒரு முறை பயன்படுத்த எவ்வளவு ஆகிறது என்று கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு விலையுள்ள பை மூன்று மடங்கு காலம் உழைத்தால், விலை உயர்ந்ததுதான் மலிவு.

பொட்டல விவரங்களில் எதைப் பார்க்கக் கற்பிக்க வேண்டும்?

உணவுப் பொருள் என்றால் முதலில் சேர்மானப் பட்டியலின் வரிசை. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் ஆணையத்தின் பொதுத் தரம், தயாரிக்கும்போது எடையில் அதிகமாகச் சேர்த்ததை முதலில் போட்டு இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்கிறது. பெரும்பாலான நாடுகளின் விதிகளும் இதை ஒட்டியவையே. முன்பக்கத்தில் பழத்தின் படம் பெரிதாக இருக்கும், பட்டியலில் அந்தப் பழம் ஏழாவது இடத்தில் இருக்கும். மாணவர்கள் இதைக் கண்டுபிடித்ததும் வீட்டு அலமாரியைக் குடைய ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சர்க்கரையை ஒரே பெயரில் எழுதினால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறு அடர்வு என்று நான்காகப் பிரித்துச் சேர்த்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் படிக்கிறவருக்கு உண்மையும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது, "ஒரு பரிமாறலுக்கு" என்ற சொல். ஒரு பொட்டலத்தில் இரண்டரைப் பரிமாறல் என்று எழுதியிருப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்தவர் பாதியில் மடித்து வைப்பாரா? 100 கிராமுக்கான நெடுவரிசை இருந்தால் அதை மட்டும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தேதி. "இதற்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பைப் பற்றியது. "இதற்கு முன் சிறந்தது" என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நல்ல பொருளைக் குப்பையில் போடுகிறோம், அல்லது கெட்டதைச் சாப்பிடுகிறோம்.

பார்கோட்டின் முதல் மூன்று எண்களைப் பார்த்தால் எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்துவிடும் என்கிறார்களே?

தெரியாது. கைப்பேசியில் சுற்றிச் சுற்றி வருகிற தகவல் இது. அந்த எண்கள் நிறுவனம் எந்த நாட்டுப் பதிவு அமைப்பிடமிருந்து எண்ணைப் பெற்றது என்பதை மட்டுமே சொல்கின்றன, தொழிற்சாலை வேறெங்காவது இருக்கலாம். ஆனால் பார்கோட்டை விட்டுவிடாதீர்கள், அதில் அழகான கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. 13 இலக்கக் கோட்டில் முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். 123456789012 என்று எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 92, ஆகவே கடைசி இலக்கம் 8. இயந்திரம் தப்பாகப் படித்தால் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். இன்றைய வகைப் பார்கோடு கடையில் முதன்முதலாக வருடப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஒரு சூயிங்கம் பொட்டலத்தில்.

விளம்பரங்களைப் பற்றி எப்படிப் பேசுவது? "எல்லாம் பொய்" என்று சொல்லிவிடலாமா?

அப்படிச் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், வெளியே போய் அதையே வாங்குவார்கள். விளம்பரத்தில் பொய் குறைவு, தவிர்ப்பு அதிகம். "99% கிருமிகளை அழிக்கும்" என்றால் எந்தக் கிருமிகளை, எத்தனை நிமிடத்தில், எந்தச் சூழலில்? "இரண்டு மடங்கு வெண்மை" என்றால் எதைவிட? விளம்பரம் பாதியில் விட்ட வாக்கியத்தை முழுமையாக்குவதுதான் நான் கொடுக்கும் பயிற்சி.

இணையத்தில் வாங்கும் காலத்தில் இதைவிட முக்கியமானது திரையின் வடிவமைப்பு. சந்தாவில் சேர ஒரு பொத்தான், விலக ஏழு பக்கங்கள். "இன்னும் 2 மட்டுமே மீதம்" என்ற சிவப்பு எழுத்து. வேண்டாம் என்பதைச் சாம்பல் நிறத்தில் ஒளித்துவைத்திருப்பது. கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் கட்டணம். வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இல் இவற்றுக்கெல்லாம் சேர்த்து "இருண்ட வடிவங்கள்" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். என் மாணவர்கள் வைத்த பெயர் "தூண்டில் பக்கங்கள்". அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஆளுக்கு மூன்று தூண்டில்களைப் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். பிறகு அதே பக்கத்தை நேர்மையாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். பொருள் உருவாக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கடன், தவணை எல்லாம் இந்த வயதுக்கு அதிகம் இல்லையா?

இன்னும் சில ஆண்டுகளில் அவர்கள் கையில் கடனட்டை இருக்கும். இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது? இரண்டு கணக்குகள் போதும். மாதம் 3% வட்டி என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42.6% ஆகிவிடும்.

இரண்டாவது கணக்கு கொஞ்சம் நுட்பமானது. "ஆண்டுக்கு 10% நிலையான வட்டி, 12 சம தவணை" என்கிறார்கள். ஆனால் மாதா மாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே! சராசரியாகப் பார்த்தால் வாங்கிய தொகையில் பாதிக்குச் சற்று அதிகமான பணம்தான் நம் கையில் இருக்கிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் போகிறது. குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் அந்தக் கடனின் உண்மையான வட்டி ஏறத்தாழ 18%. முதன்முறை இதைப் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சக ஆசிரியர் ஒருவர் தன் கடன் பத்திரத்தை மறுநாள் எடுத்து வந்தார்.

நுகர்வோர் உரிமைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

தேர்வுக்கு வேண்டுமானால் செய்யட்டும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார்: பாதுகாப்பு, தகவல், தேர்வு செய்தல், நம் குரல் கேட்கப்படுதல். அதனால்தான் மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமைகள் நாள், 1983 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 1985-இல் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை ஏற்றது. 2015-இல் அவற்றைத் திருத்தியபோது இணைய வணிகமும் விரிவாக இடம்பெற்றது.

இவ்வளவு போதும். மீதி நேரத்தைப் புகார்க் கடிதம் எழுதுவதில் செலவிடுங்கள். மாணவர்கள் எழுதும் முதல் கடிதம் வசைமாரியாக இருக்கும். இரண்டாவது கண்ணீராக இருக்கும். மூன்றாவதில்தான் என்ன வாங்கினேன், எப்போது, என்ன பழுது, என்ன பரிகாரம் வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் ஒரே பக்கத்துக்குள் அடங்கும். ரசீதின் நகலை இணைக்க வேண்டும், மூல ரசீதைக் கொடுத்துவிடக் கூடாது. நான் ஒரு முறை கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றிருக்கிறேன்.

பொருள் உருவாக்கத்தை எங்கே தொடங்குவது? "புதிதாக ஏதாவது யோசியுங்கள்" என்றால் எல்லாரும் விழிக்கிறார்களே?

விழிக்கத்தான் செய்வார்கள். "புதிதாக யோசி" என்று சொன்னால் நானும் விழிப்பேன். கேட்க வேண்டியது யோசனையை அல்ல, தொல்லையை. ஒரு வாரம் சிறு குறிப்பேட்டுடன் நடமாடி, யாராவது ஒரு பொருளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் குறித்து வரச் சொல்லுங்கள். பல்லால் கடித்துத் திறந்த பொட்டலம், துணியைச் சுற்றிப் பிடித்த கைப்பிடி, ரப்பர் வளையம் போட்டு நிறுத்தி வைத்த மூடி. ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிற இடம் எதுவோ அங்கே ஒரு பொருள் காத்திருக்கிறது.

சாம் ஃபார்பர் என்பவர் தன் மனைவி மூட்டுவலியால் தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைக் கவனித்தார். தடித்த, மென்மையான ரப்பர் கைப்பிடி கொண்ட கருவிகள் 1990-இல் ஆக்ஸோ என்ற பெயரில் வந்தது அதனால்தான். வலியுள்ள கைக்காகச் செய்தது வலியில்லாத கைக்கும் வசதியாக இருந்தது, எல்லாரும் வாங்கினார்கள். செஸ்டர் கிரீன்வுட் 1873-இல் காது குளிரைத் தாங்காமல் கம்பி வளையத்தில் ரோமத்தைத் தைத்துத் தரும்படி பாட்டியிடம் சொல்லிக் காதுறை செய்தபோது அவருக்கு வயது 15. லூயி பிரெயில் புள்ளி எழுத்து முறையின் பெரும்பகுதியை 1824-இல் வகுத்து முடித்தபோது அவருக்கும் வயது 15. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயதுதான்.

வாடிக்கையாளரிடம் பேசச் சொன்னால், "எல்லாருக்கும் பிடித்திருக்கிறது" என்று வந்து நிற்கிறார்களே?

"இதை வாங்குவீர்களா?" என்று ஒரு பிள்ளை ஆசையோடு கேட்டால் எந்தப் பெரியவர் மாட்டேன் என்பார்? அந்தக் கேள்விக்கு வகுப்பில் தடை போட்டுவிடுங்கள். கடந்த காலத்தைக் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது இந்தத் தொல்லை வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், அதைச் சரிசெய்ய ஏதாவது வாங்கினீர்களா? தொல்லை வந்தும் ஒன்றும் வாங்காதவர், மாணவர் செய்வதையும் வாங்க மாட்டார்.

சொல்வதைக் கேட்பதும் கையில் கொடுத்துப் பார்ப்பதும் வேறு வேறு. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் வலுவான பசையைத் தேடப் போய், ஒட்டி உரித்தாலும் தடமில்லாமல் வரும் பலவீனமான பசையைக் கண்டுபிடித்தார். அதற்கு என்ன பயன் என்று யாருக்கும் புரியவில்லை. 1974-இல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் விழுந்துகொண்டே இருந்ததால் அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1977-இல் சில நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. மறு ஆண்டு ஒரு நகரத்தில் இலவசமாகக் கையில் கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்கள் விடவில்லை. 1980-இல் போஸ்ட்-இட் என்ற ஒட்டி உரிக்கும் குறிப்புத் தாள் முழு அளவில் விற்பனைக்கு வந்தது.

முன்மாதிரி செய்யக் கருவிகள் வேண்டாமா? எங்களிடம் முப்பரிமாண அச்சு எல்லாம் இல்லை.

இல்லாதது நல்லது என்றே சொல்வேன். அட்டை, கத்தரிக்கோல், ஒட்டுநாடா போதும். பளபளப்பான முன்மாதிரியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், செய்தவருக்கும் அதைக் கலைக்க மனம் வராது. அட்டையில் செய்ததை அப்போதே வெட்டித் திருத்தலாம். முதல் முன்மாதிரிக்கு நான் கொடுக்கும் நேரம் ஒரே ஒரு வகுப்பு. ஜேம்ஸ் டைசன் பையில்லாத தூசி உறிஞ்சிக்கு 5,127 முன்மாதிரிகள் செய்தார் என்று சொன்னால் மாணவர்கள் வாய் பிளப்பார்கள். அவர்களுக்கு நான் வைக்கும் எண் 4. நான்காவதற்கு முன் யாரும் "முடிந்தது" என்று சொல்லக் கூடாது.

செய்ததை எப்படிச் சோதிப்பது?

பயன்படுத்துபவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் மாணவர்களுக்கு மிகக் கடினம். "இல்லை அக்கா, அந்தப் பக்கம் திருப்புங்கள்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்தச் சோதனை வீண். விளக்கம் சொல்ல மாணவர் கூடவே வீட்டுக்குப் போக முடியாது அல்லவா!

வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா என்று அறிய முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. உணவுத் துறையில் அன்றாடம் நடப்பது. மூன்று மாதிரிகளைக் கொடுக்க வேண்டும், இரண்டு ஒன்றே, ஒன்று வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் 12 பேரில் 4 பேர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. 8 பேராவது சொன்னால்தான் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. 30 பேர் வகுப்பென்றால் 15 பேர் வேண்டும்.

வாங்குகிற பக்கத்துக்கும் செய்கிற பக்கத்துக்கும் இந்த ஒரே சோதனை பொருந்தும் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். விலை உயர்ந்த பானத்தையும் மலிவான பானத்தையும் வைத்து நடத்துங்கள், "இதைத்தான் குடிப்பேன்" என்று சத்தியம் செய்தவர்கள் தலையைச் சொறிவார்கள். ஒவ்வாமை உள்ளவர்களை முன்கூட்டியே கேட்டு விலக்கிவிடுங்கள். பிறகு, குறிப்பேடு தயாரிக்கும் குழு மலிவான தாளுக்கு மாறலாமா என்பதையும் தொட்டுப் பார்க்கவைத்து இப்படியே சோதிக்கலாம்.

விலை எப்படி வைப்பது?

மாணவர்கள் வைக்கும் விலை எப்போதும் குறைவு. தாள், நூல், அட்டை எல்லாம் எழுதியிருப்பார்கள். தங்கள் உழைப்பு நேரத்தை எழுத மாட்டார்கள், வெட்டும்போது வீணான தாளையும் எழுத மாட்டார்கள். நகை வாங்குபவர் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரிகளைப் பார்த்து முணுமுணுப்பார். அந்த இரண்டும் எல்லாப் பொருளிலும் இருக்கின்றன, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அடக்க விலை தெரிந்த பிறகு, எத்தனை விற்றால் கை கடிக்காது என்று பார்க்க வேண்டும். ஒன்றுகூட விற்காவிட்டாலும் ஆகிவிட்ட செலவு 600, ஒன்றைச் செய்ய 8, விற்பது 20 என்று வையுங்கள். ஒன்றுக்கு 12 மிஞ்சுகிறது, ஆகவே 50 விற்றால்தான் முதல் திரும்பும். ஐம்பத்தோராவதில்தான் லாபம் தொடங்குகிறது. வகுப்பில் இருப்பதோ முப்பது பேர். மீதி இருபதை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றுவிடுவேன்.

மாணவர்கள் செய்ததை உண்மையாகவே விற்கலாமா?

சிலவற்றை விற்கவே கூடாது. தோலில் பூசுவது, மின்சாரத்தில் செருகுவது, சிறு குழந்தைகள் விளையாடுவது, சாப்பிடுவது ஆகியவற்றைப் போதிய மேற்பார்வையும் அனுமதியும் இல்லாமல் வகுப்பு அறையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். "இயற்கையானது" என்ற சொல் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை விளக்க ஒரு சிறிய குழாய் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று பயன்படுகிறது. ஆழம் சாய்வாக 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். அட்டையில் அந்த உருளையைச் செய்து, மாணவர்கள் தங்கள் பைகளில் உள்ளவற்றைப் போட்டுப் பார்க்கட்டும். பேனா மூடி, பொத்தான், சாவிக்கொத்தின் அலங்காரம் எல்லாம் உள்ளே போகும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

நீடித்து உழைக்கும் பொருளைச் செய்தால் அடுத்ததை யார் வாங்குவார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். என்ன சொல்வது?

நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். பிறகு இந்தக் கதையையும் சொல்லுங்கள். 1924-இல் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தன. அதற்குமுன் 1,500 மணி நேரத்துக்கு மேலும் எரிந்த விளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்தன. அதற்கு மேல் எரியும் விளக்கைச் செய்த உறுப்பினருக்கு அபராதமும் விதித்தன. வெளிச்சமும் மின்சிக்கனமும் கூடும் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று வகுப்பையே இரண்டாகப் பிரித்து வாதாடச் சொல்லுங்கள். நான் இதுவரை தீர்ப்புச் சொன்னதில்லை.

குழுவில் ஒருவரே எல்லா வேலையும் செய்கிறாரே?

மூன்று பேருக்கு மேல் குழுவே வைக்காதீர்கள். பொறுப்புகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுழற்றுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? பொருள் தோற்றுப்போனால் தோல்வியா?

நான் பொருளுக்கு மதிப்பெண் போடுவதில்லை, குறிப்பேட்டுக்குப் போடுகிறேன். முதல் எண்ணம் என்ன, யாரிடம் காட்டினார்கள், என்ன நடந்தது, அதனால் எதை மாற்றினார்கள் என்பது அதில் தேதியோடு இருக்க வேண்டும். ஒரு குழு குடைத் தாங்கி ஒன்றை மூன்று முறை செய்து மூன்று முறையும் சாய்ந்துபோய், கடைசியில் "இதற்குச் சுவரில் ஓர் ஆணியே போதும், எங்கள் பொருள் தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்தது. அந்த ஆண்டின் மிக உயர்ந்த மதிப்பெண் அவர்களுக்குத்தான். பெற்றோர் ஒருவர் வந்து சண்டை போட்டார். குறிப்பேட்டைக் கொடுத்தேன், படித்துவிட்டுப் போனார்.

இதனால் பிள்ளைகள் எதையெடுத்தாலும் லாபக் கணக்குப் பார்ப்பவர்களாகிவிட மாட்டார்களா?

கணக்குப் பார்ப்பார்கள், உண்மைதான். வீட்டில் நீங்கள் வாங்கி வரும் பொருள்களிலும் குறை கண்டுபிடிப்பார்கள். முதல் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வணிகம் தெரியாது. நான் இதைக் கற்பிக்க முடியுமா?

நீங்கள் எத்தனை ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்? அந்த அனுபவமே பாதி பாடம். ஏமாந்த கதை ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள், வகுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

ஆண்டு முடிவில் மிஞ்சும் பொருள்களை என்ன செய்வது?

ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பொருளையும் அதன் குறிப்பேட்டையும் எடுத்து வையுங்கள், மற்றதைப் பிரித்து அட்டையையும் நூலையும் பெட்டியில் போட்டுவிடலாம். அடுத்த ஆண்டு புதிய மாணவர்கள் வந்ததும் அந்தப் பொருள்களை ஒரு வாரம் பயன்படுத்தக் கொடுக்கிறேன், குறிப்பேட்டைக் கொடுப்பதில்லை. வார இறுதியில் அவர்கள் ஒரு பக்கப் புகார்க் கடிதம் எழுதுவார்கள். அது மேல்வகுப்புக்குப் போகும். செய்தவர்கள் பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் குறிப்பேடு புதியவர்கள் கைக்குப் போகிறது.